கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரியும் வடசென்னை வாழ்நரும்

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது நம் முன்னோர் மொழி. அச்செல்வத்தைக் காக்குங் கடமை யாருடையது என்று வினவின், முற்காலத்தார் வீட்டாருடையது என்பர்; வீட்டாரால் இயலாவிடின் ஊராருடையது என்பர். இக்காலத்திலோ, ஏழை எளியோர்க்கும் வைத்திய உதவி கிடைக்கச் செய்தல் அரசாங்கத்தின் கடமை யென்பது சட்டங்களாலும் நீதிமன்றத் தீர்ப்புக்களாலும் நிலைநாட்டப் பெற்றுள்ளது. ஆயினும், ஏட்டில் எழுதப்பெற்ற கடமை நோயாளியின் பாயருகே வந்து சேர்வதற்குள் எத்தனை வாயில்களைக் கடக்க வேண்டியிருக்கிறதென்பதை நம்மவர் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்னும் இக்கடற்கரைப் பகுதியின் சரித்திரத்தை ஆராயின், அவ்வாயில்கள் எவை, அவற்றுள் எவை திறந்தன, எவை இன்னும் ஒருக்களித்தே நிற்கின்றன என்பது தெளிவாகும். அதனைச் சங்கத்து அன்பர்களுக்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

கஞ்சித்தொட்டி

1780-ஆம் ஆண்டில் ஹைதர் அலியின் படை கர்நாடகப் பகுதியுட் புகுந்தது. ஊர்கள் பாழாயின, விளைநிலங்கள் தரிசாயின. உயிர் தப்பியோர் சென்னைக் கோட்டையின் நிழலை நாடித் திரள்திரளாக வந்தனர். போரின் பின்னே பஞ்சமும் தொடர்ந்தது. 1782-இல், பசித்து வந்தோர்க்குக் கஞ்சி வார்க்கும் தர்மசாலை யொன்று நகரின் வடபால் ஏற்படுத்தப்பட்டது. அதனை மேற்பார்த்தவர் ஊர் மணியக்காரர். ஆதலின் அது மணியக்காரர் சத்திரம் என்று பெயர் பெற்றது. ஆங்கிலேயர் நாவில் அச்சொல் 'மோனிகர்' எனத் திரிந்தது. ஜனங்களோ கஞ்சி நிறைந்த தொட்டியைக் கண்டு 'கஞ்சித்தொட்டி' என்றே வழங்கினர்.

பசியும் பிணியும் உடன்பிறந்தவை யல்லவா? கஞ்சிக்கு வந்தோருட் பலர் நோயாளிகளாகவும் இருந்தனர். 1799-இல் கம்பெனியின் வைத்தியராகிய ஜான் அண்டர்வுட் என்பார் இந்நாட்டு ஏழை நோயாளிகட்கென ஒரு விடுதியை ஏற்படுத்தினார். பின்னர் அவ்விடுதியும் சத்திரமும் ஒரே நிர்வாகத்தின்கீழ் வந்தன. நூறாண்டுகளுக்குமேல் தர்மமாக நடைபெற்ற அந்த ஸ்தாபனத்தை 1910-இல் அரசாங்கம் ஏற்றது. அது இராயபுரம் ஆஸ்பத்திரி யாயிற்று. 1930-களில் அங்கே வைத்தியப் பள்ளி வளர்ந்தபோது, அக்காலத்துக் கவர்னராகிய ஸர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயர் அதற்கு இடப்பட்டது. 1938-இல் அப்பள்ளி கல்லூரியாக உயர்ந்தது. இன்று ஸ்டான்லி அரசினர் மருத்துவமனை யென நாமறிவது அதுவே. ஆயினும் வண்ணாரப்பேட்டை, இராயபுரம் வாழ் முதியோர் நாவில் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்னும் பழம்பெயரே நெடுங்காலம் வழங்கி வந்தது.

அப்பெயரில் ஒரு சரித்திரம் உறங்குகின்றது. தர்மத்திற் பிறந்த இடத்தில், வாங்குவோன் தலைகுனிந்து நிற்பான்; கொடுப்போன் காட்டிய நேரத்தில் வருவான்; கொடுத்ததை வாங்கிக்கொண்டு கேள்வி கேளாமற் செல்வான். உரிமையிற் பிறந்த இடத்தில் அவ்வாறன்று. தர்மசாலை அரசாங்க ஆஸ்பத்திரியாக மாறிய பின்னும், அதன் வாயிலில் நிற்கும் நம்மவருள் பலர் இன்றும் கஞ்சிக்கு நிற்போர் போலவே நிற்கின்றனர். வாயிற்காவலன் அதட்டினால் வாய் திறவார். சீட்டு எழுதுவோர் 'நாளை வா' என்றால், எதற்கென்று வினவாமல் திரும்பிவிடுவர். சட்டம் மாறிய வேகத்தில் மனப்பழக்கம் மாறவில்லை. வைத்திய உதவிக்குத் தடையாகும் காரணங்களுள் இதனை முதலாவதாகக் கூறலாம்.

சாதியும் கோஷாவும்

இரண்டாவது தடை பிறப்பால் வந்தது. சென்னைப் பெரிய ஆஸ்பத்திரி 1664-இல் கம்பெனிச் சிப்பாய்களுக்காகக் கோட்டையினுள் தொடங்கப்பட்டது. இந்நாட்டாருக்கு அதன் கதவு திறந்தது 1842-இல் என்பர். நிறவேற்றுமை என்னும் சுவர் அவ்வளவு காலம் நின்றது. அச்சுவரைப் பற்றிப் பேசுங்கால், நாமே எழுப்பிய சுவரையும் மறைத்தலாகாது.

1885-இல் சென்னையில் பெண்களுக்கென ஓர் ஆஸ்பத்திரி நிறுவப்பட்டது. 1875-இல் சென்னை வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்து பயின்ற முதற் பெண்மணிகளுள் ஒருவராகிய மேரி ஷார்லீப் அம்மையார் அதனைத் தொடங்குதற்கு முன்னின்று உழைத்தார். ஆண் வைத்தியர் கையால் நாடி பார்க்கவும் ஒவ்வாமல், பிற வகுப்பாரோடு ஒரே கூடத்திற் படுக்கவும் ஒவ்வாமல், பிரசவத்தில் மாண்டுபோன உயர்குடிப் பெண்களையும் கோஷா அனுசரிக்கும் முஸ்லிம் பெண்களையும் காக்க வேண்டுமென்பதே அதன் நோக்கம். ஆகவே அதன் பெயரிலேயே 'சாதிப்பெண்டிர், கோஷாப் பெண்டிர்' என்று குறிக்கப்பட்டது. இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை யென விளங்குவது அதுவே. அதனை நிறுவினோர் செய்தது பேருபகாரம், அதில் ஐயமில்லை. ஆனால் இதனைச் சற்றே உற்று நோக்குக. சாதிக் கட்டுப்பாடு பிறரை மட்டுமன்று, அக்கட்டுப்பாட்டைப் பெருமையாகக் கொண்டிருந்த குடும்பத்துப் பெண்களையும் கொன்றது. தாழ்ந்தோர் எனப்பட்டவளை வெளியே நிறுத்திய அதே சுவர், உயர்ந்தோர் எனப்பட்டவளை உள்ளே அடைத்து மருந்தின்றி மாள விட்டது. அந்த ஆஸ்பத்திரி அவளுக்கு ஒரு கதவைத் திறந்தது. ஆயின் அக்கதவின்மேல் எழுதிய பெயரில் இடம்பெறாத ஏழைப் பெண்ணுக்கு அப்பெயர் என்ன கூறியிருக்கும்?

அம்மைப்பால் குத்தும் வழக்கம் வந்தபோதும் இவ்வாறே நிகழ்ந்தது. முற்காலத்தில் ஒரு குழந்தையின் புயத்திலிருந்து எடுத்த பாலை மற்றொரு குழந்தைக்குக் குத்தினர். எந்தக் குலத்துப் பிள்ளையின் பால் என்று கேட்டு மறுத்தோர் இந்நாடெங்கும் இருந்தனர். கன்றினிடமிருந்து மருந்து எடுக்கும் முறை பரவிய பின்னரே அத்தடை தளர்ந்தது. கிருமி குலம் பார்ப்பதில்லை; குலம் பார்த்தவர் கிருமிக்கு இரையாயினர்.

இதற்கு மாறான நற்செயல்களையும் கூறல் வேண்டும். சவலை இராமசாமி முதலியார் என்னும் வணிகப் பெருமகனார் 1880-இல் இராயபுரத்தில் நிறுவிய பிரசவ ஆஸ்பத்திரி, பின்னர் அரசாங்க ஸ்தாபனமாகி, வடசென்னைத் தாய்மார் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளை பெற்ற இடமாயிற்று. நம் சங்கத்துக் குடும்பங்களிலும் அங்கே பிறந்தோர் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் பொருள் எல்லார்க்கும் பொதுவானமையால் அத்தர்மம் நிலைத்தது.

ஆலையும் துறைமுகமும்

மூன்றாவது தடை கூலி. துறைமுகம் விரிந்தது, இருப்புப்பாதை 1856-இல் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது, திருவொற்றியூரில் தீக்குச்சித் தொழிற்சாலையும், பிற்காலத்தில் மோட்டார் வண்டித் தொழிற்சாலைகளும், எண்ணூரில் லாரி செய்யும் ஆலையும் எழுந்தன. ஆயிரக்கணக்கானோர் பிழைக்க வந்தனர். நோய் வந்த நாளிற் கூலியில்லை. கூலியில்லாத நாளில் அடுப்பில்லை. மருந்து இலவசமாயினும் ஒரு நாள் கூலியை இழக்காமல் அதனை வாங்க இயலாதாயின், அம்மருந்தின் விலை ஒரு நாட்கூலியே யாம். அரசாங்கக் கணக்குப் புத்தகத்தில் அவ்விலை எழுதப்படுவதில்லை. கூலிக்காரன் மனைவியின் அடுக்களையில் எழுதப்படுகிறது.

இவ்வுண்மையை யுணர்ந்து செய்த ஏற்பாடு ஒன்று உண்டு. 1943-இல் இந்திய அரசாங்கம் பேராசிரியர் அடார்க்கரிடம் தொழிலாளர் நோய்க்கால இன்ஷூரன்ஸுக்குத் திட்டம் வகுக்கும்படி கூறியது. அவர் 1944-இல் அறிக்கை யளித்தார். ஸர் ஜோசப் போர் தலைமையில், நம் சென்னை டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியாரையும் அங்கத்தினராகக் கொண்ட குழு 1946-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. பணம் கொடுக்க இயலாத காரணத்தால் எவரும் தக்க வைத்தியம் பெறாமற் போகலாகாது என்பது அதன் அடிப்படைக் கொள்கை. 1948 ஏப்ரலில் தொழிலாளர் அரசாங்க இன்ஷூரன்ஸ் சட்டம் நிறைவேறிற்று. அதே 1948 ஜூலை 5-ஆம் தேதி இங்கிலாந்தில் தேசிய வைத்திய சேவை தொடங்கிற்று. இரண்டிற்குமுள்ள வேற்றுமை நோக்கத்தக்கது. இங்கிலாந்தில் நாட்டில் வாழ்வோர் அனைவர்க்கும் வைத்தியம் உரிமையாயிற்று. இங்கே ஆலையிற் பெயர் பதிந்தவனுக்கும், பின்னர் அவன் குடும்பத்துக்கும் உரிமையாயிற்று. ஏழைநாடு ஒரே அடியில் மாடியேற இயலாதென்பது உண்மையே. ஆயினும் முதற்படியில் நின்றோர் யார், கீழே நின்றோர் யார் என்பதை மறக்கலாகாது.

1952 பிப்ரவரி 24-ஆம் தேதி பிரதம மந்திரி நேரு கான்பூரில் இத்திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பின்னர் அது நம் மாகாணத்துக்கும் வந்தது, அயனாவரத்தில் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி எழுந்தது. அத்திட்டத்தின் சிறப்பு மருந்தில் மட்டுமன்று. நோயுற்ற நாளுக்குச் சம்பளத்தில் ஒரு பகுதியும் தருவதே அதன் தனிச்சிறப்பு. பிற்காலத்தில் அது சம்பளத்தில் நூற்றுக்கு 70 வீதம், ஆண்டுக்கு 91 நாள் வரையில் என்று ஏற்பட்டது. கூலியிழப்பு என்னும் மறைந்த விலையைக் கணக்கில் எடுத்த ஏற்பாடு இதுவே.

ஆனால் யார் உள்ளே, யார் வெளியே? நிரந்தரத் தொழிலாளி உள்ளே; மீன்பிடிப்போர் வெளியே; வலை பின்னும் பெண் வெளியே; தலைச்சுமை தூக்குவோர் வெளியே; வீட்டு வேலை செய்வோர் வெளியே. ஆலைக்குள்ளேயே வேலை செய்தும் கங்காணியின் பேரேட்டில் மட்டும் பெயர் உடைய ஒப்பந்தக் கூலியாள் பாதி உள்ளே, பாதி வெளியே. 1948 சட்டத்தின்படி அவனுக்கும் சந்தா செலுத்தச் செய்யும் பொறுப்பு முதன்மை முதலாளியையே சார்ந்தது. எனினும் தன் பெயர் பதிந்திருக்கிறதா என்று தொழிலாளியே விசாரித்தாலன்றி அது வெளிப்படுவதில்லை. விசாரித்தால் வேலை போய்விடுமோ என்னும் அச்சம் அவனை வாய்மூடச் செய்கிறது.

கையும் ஐந்து ரூபாயும்

ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் கீர்த்தி ஒரு பெருந்துன்பத்தினின்று பிறந்தது. ஆலை இயந்திரங்களிற் சிக்கி விரலும் கையும் இழந்து வருவோர் இப்பகுதியிற் பலராயினர். 1970-களில் டாக்டர் ஆர். வெங்கடசாமி என்பார் அங்கே கைச் சிகிச்சைக்கெனத் தனிப்பிரிவு அமைத்து, அறுந்த கையை ஒட்டவும் மடங்கா விரலை மடக்கவும் வழி கண்டார். அப்பிரிவு வளர்ந்து, பிற நாட்டாரும் வந்து பயிலும் கழகமாயிற்று. கையே மூலதனமாகிய தொழிலாளிக்குக் கையைத் திருப்பித் தருதல் உயிரைத் திருப்பித் தருதலே யாகும். பணம் படைத்தோர் நாடும் தனியார் வைத்தியசாலையிலன்று, கஞ்சித்தொட்டியில் இக்கலை வளர்ந்தது என்பதை நம் இளைஞர் அறிந்து பெருமிதம் கொள்க.

அவ்வாறாயின், இவ்வளவு பெரிய இலவச ஆஸ்பத்திரி அருகிருக்கத் தனி வைத்தியரிடம் ஜனங்கள் ஏன் சென்றனர்? பழைய வண்ணாரப்பேட்டையில் டாக்டர் ஜெயச்சந்திரன் என்பாரும், வியாசர்பாடியில் டாக்டர் திருவேங்கடம் என்பாரும் இருந்தனர். பின்னவர் ஸ்டான்லியிற் பயின்றவர். தொடக்கத்தில் 2 ரூபாயும் பின்னர் 5 ரூபாயும் மட்டுமே பெற்று ஏழைகட்கு வைத்தியம் செய்தனர். 'ஐந்து ரூபாய் டாக்டர்' என்று ஜனங்கள் அன்போடு அழைத்தனர். முன்னவர் 2018 டிசம்பரிலும், பின்னவர் 2020 ஆகஸ்டிலும் காலமானபோது வடசென்னை கண்ணீர் விட்டது. இலவசத்தை விடுத்து 5 ரூபாய் கொடுத்தோர் அறிவிலர் அல்லர். வேலை முடிந்து மாலையில் செல்லலாம், கூலி போகாது, வீட்டருகே உள்ளது, வைத்தியர் பெயரைச் சொல்லி அழைத்து, இருத்தி, செவி கொடுத்துக் கேட்பார். நேரம், தூரம், மரியாதை என்னும் இம்மூன்றையும் அந்த 5 ரூபாய் வாங்கித் தந்தது. அரசாங்க வைத்தியம் இம்மூன்றையும் தருமாயின் இலவசம் முழு இலவசமாகும்.

இரண்டு கூரைகளுக்கிடையே

2009 ஜூலையில் தமிழக அரசாங்கம் ஏழைக் குடும்பங்கட்கு உயிர்காக்கும் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 2012-இல் அது முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக விரிந்தது. ஆண்டு வருமானம் முதலில் 72,000 ரூபாய்க்குள்ளும், பிற்பாடு 1,20,000 ரூபாய்க்குள்ளும் இருத்தல் வேண்டுமென்பது விதி. குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் அதற்கு வாயில். 2018-இல் மத்திய அரசாங்கத்தின் காப்பீட்டுத் திட்டமும் இதனோடு இணைந்தது. இவற்றால் இருதய சிகிச்சையும் சிறுநீரக சிகிச்சையும் பெற்றுப் பிழைத்தோர் பலர்.

ஈண்டு ஒரு கணக்கு. 1,20,000 ரூபாயை 12 மாதத்தால் வகுத்தால் மாதம் 10,000 ரூபாய். இ.எஸ்.ஐ. சம்பள வரம்போ 2017 ஜனவரி முதல் 21,000 ரூபாய். மாதம் 13,000 ரூபாய் வாங்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் பெயரைக் கங்காணி இ.எஸ்.ஐ.யிற் பதியாவிடின், அவன் காப்பீட்டுக்கு மிகுந்தவன், இ.எஸ்.ஐ.க்கு இல்லாதவன். இரண்டு வீட்டுக் கூரைகளுக்கிடையே உள்ள சந்தில் நின்று மழையில் நனைவோன் போன்றவன் அவன். அரசாங்க ஆஸ்பத்திரியின் கதவு அவனுக்கும் திறந்தே யிருக்கிறது. எனினும் கூலியிழப்புக்கு ஈடு தருவார் இல்லை. வரும் வழியில் கேட்போரின்றி அவன் கடனாளியாகிறான். மஞ்சட் காமாலைக்கும் காச நோய்க்கும் நகை அடகு வைத்த கதைகள் நம் தெருக்களிற் புதியன அல்ல.

இக்குறையைச் சிறிது நீக்கும் ஏற்பாடுகளும் வந்துள்ளன. 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் உரிய மருந்தை வீட்டுவாயிலுக்கே கொண்டுவரும் முறையை ஏற்படுத்தியது. நோயாளி மருந்தைத் தேடிச் செல்லும் வழக்கம் மாறி, மருந்து நோயாளியைத் தேடி வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் வந்த மற்றொரு திட்டம், சாலை விபத்திற் காயமுற்றோர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, எவ்வூரார், என்ன வருமானத்தார் என்று கேளாமல் அளிக்க முற்பட்டது. கேள்வியில்லாமற் கொடுப்பதே உரிமையின் இலக்கணம்.

எண்ணூரின் நிலை

தூரம் என்பது மைற்கணக்கு மட்டுமன்று. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ இரயில் ஓடத் தொடங்கிற்று; திருவொற்றியூரார்க்கு ஸ்டான்லி அருகாயிற்று. ஆனால் எண்ணூர்க் குப்பங்கள் அதற்கும் அப்பால் உள்ளன. சரக்குப்பெட்டி லாரிகள் வரிசையாக அடைத்து நிற்கும் சாலையில், பிரசவ வலியுற்றவளுக்கு ஒரு நாழிகை ஒரு யுகம்.

மேலும், நோய் பிறக்கும் இடமும் சமூக நிலையைச் சார்ந்ததே. 2011-இல், நிலக்கரித் தூசியால் வடசென்னை வாழ்நர் படும் துன்பத்தைக் கருதி, சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாளுதலை நிறுத்தும்படி உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. இராயபுரத்தார் நிம்மதியாக மூச்சுவிட்டனர். கரி எங்கே சென்றது? எண்ணூர்த் துறைமுகத்துக்குச் சென்றது. அனல்மின் நிலையங்களின் சாம்பல் முன்னரே கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தைத் தூர்த்திருந்தது. 2023 டிசம்பரில் புயல்மழை வெள்ளத்தோடு கலந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்திற் பரவி, வலையையும் படகையும் கருமையாக்கிற்று. அம்மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில், பெரியகுப்பத்தருகே உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயினின்று அம்மோனியா வாயு கசிந்தது. உறக்கத்தினின்று எழுந்து, கண்ணெரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் ஜனங்கள் குழந்தைகளைத் தோளிற் சுமந்து ஓடினர். பலர் ஆஸ்பத்திரிகளிற் சேர்க்கப்பட்டனர். நோயை விளைப்பது நாட்டின் பொதுத் தொழில்; ஆதாயம் நாடு முழுவதற்கும்; நோய் மட்டும் ஒரு குப்பத்துக்கா? இங்கே வைத்திய உதவி அரசாங்கத்தின் கருணை யன்று. செலுத்தப்பட வேண்டிய கடன்.

நாம் செய்யத்தக்கது

1996-இல் உச்சநீதிமன்றத்தில் ஒரு வழக்கு முடிவாயிற்று. வங்காளத்தில் இரயிலினின்று விழுந்து தலையிற் காயமுற்ற ஓர் ஏழைத் தொழிலாளியை, படுக்கை யில்லை, வசதி யில்லை என்று கூறி அரசாங்க ஆஸ்பத்திரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பின. அவசர சிகிச்சை மறுத்தல் உயிர்வாழும் உரிமையை மறுத்தலே. பணமில்லை யென்று அரசாங்கம் தப்ப இயலாது என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். அவ்வழக்கை நடத்தியதில் அவனோடு நின்றது விவசாயக் கூலிகளின் ஒரு சங்கம். தனி மனிதன் வாயிலில் திருப்பப்படுவான். சங்கத்தோடு சென்றவனைத் திருப்புதல் அரிது. நம் சங்கத்துக்கும் இதிற் பாடமுண்டு.

நாம் செய்யத்தக்கவை பெரும்பொருள் வேண்டுவன அல்ல. முதலாவது, தெருவுக்கு ஒருவராக எழுத்தறிந்த இளைஞர், எந்தக் குடும்பத்துக்குக் காப்பீட்டு அட்டை யுண்டு, யாருக்கு இ.எஸ்.ஐ. பதிவு உண்டு, எவருக்கு ஒன்றுமில்லை என்று விசாரித்துக் குறிப்பெடுத்தல் வேண்டும்; விண்ணப்பம் எழுதித் தருதல் வேண்டும். இரண்டாவது, ஆஸ்பத்திரிக்குத் தனியே செல்ல அஞ்சும் முதியோருக்கும் பெண்களுக்கும் துணையாக ஒருவர் செல்லுதல் வேண்டும். மூன்றாவது, நோய்க்காலக் கூலியிழப்புக்கு ஒரு சிறு கைம்மாற்று நிதி ஏற்படுத்தல் வேண்டும். திருமணப் பந்தலுக்கும் மேளத்துக்கும் செலவிடும் பொருளில் ஒரு பங்கு இதற்குப் போதும். நான்காவது, பெண்டிர் தம் நோயை அடுக்களையிலேயே மறைத்துவைத்து, முற்றிய பின் வெளிப்படுத்தும் வழக்கம் ஒழிதல் வேண்டும். கோஷா ஆஸ்பத்திரி ஏற்பட்டு நூற்றுநாற்பது ஆண்டுகள் சென்ற பின்னும் நம் வீடுகளில் அந்தத் திரை முழுதும் விலகவில்லை. கணவன்மார் இதனைக் கருதுக.

இறுதியாக ஒன்று. நம் வகுப்பார்க்கு மட்டும் தனி வைத்தியசாலை யொன்று அமைக்கலாகாதா என்று சில அன்பர்கள் நல்லெண்ணத்தோடு கூறுவதுண்டு. சரித்திரம் இதற்கு விடை கூறிவிட்டது. சாதிப்பெயர் தாங்கிய ஆஸ்பத்திரி அப்பெயரைக் கழற்றிய பின்னரே எல்லார்க்கும் உரியதாயிற்று. மணியக்காரர் சத்திரம் பசித்தவன் குலத்தைக் கேட்டிருப்பின் இன்று ஸ்டான்லி இராது. பொது ஆஸ்பத்திரியைத் தனித்தனிச் சாதியார் கைவிட்டுச் சென்றால், அது கேட்பாரற்றவர் மட்டும் கிடக்கும் இடமாகிக் கெட்டுவிடும். எல்லாரும் உரிமையோடு சென்று கேள்வி கேட்பின் செம்மையுறும். ஆகையால் நம் சங்கத்தின் உழைப்பு தனிச்சுவர் எழுப்புவதிற் செல்லாமல், பொதுக்கதவை எல்லார்க்கும் அகலத் திறப்பதிற் செல்வதாக. நம் வாயிலில் உதவி கேட்டு வருவோன் நம்மவனா வேறொருவனா என்று வினவாமல், அவன் விண்ணப்பத்தையும் சேர்த்து எழுதிக் கொடுப்போமாக. அதுவே நாம் இவ்வூருக்குப் பட்ட கடனைத் தீர்க்கும் வழி.